பெயர் தெரியாத ஆசாரி

அமெரிக்காவில் பழைய நாற்காலி சேகரிக்கிறவர்கள் முதலில் என்ன செய்வார்கள் தெரியுமா? தலைகீழாகக் கவிழ்த்து, ஸ்டிக்லி மாதிரி ஏதாவது கம்பெனி முத்திரை இருக்கிறதா என்று தேடுவார்கள். இருந்தால் விலை எகிறும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விற்கிற பழைய தேக்குச் சாமான்களைக் கவிழ்த்துப் பாருங்கள். செய்த ஆசாரியின் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அட, பித்தளைக் குடத்துல கூட வாங்கினவர் பெயரைத்தானே வெட்டுறோம்!

பெயர் தெரியாதவருக்கு எப்படி மரியாதை செய்வது? குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்பும்போது தென்காசி காசி விசுவநாதர் கோயிலுக்குப் போங்கள். 15-ம் நூற்றாண்டில் அதைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், 'பின்னாளில் இந்தக் கோயிலுக்கு ஒரு குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாரானாலும் அவரை இப்போதே பணிகிறேன்' என்ற பொருளில் கல்வெட்டில் பாடி வைத்திருக்கிறான். சிதைந்துபோன ராஜகோபுரம் மறுபடி எழுந்து, 1990-ல் கும்பாபிஷேகமும் கண்டது.

ராஜாவே பழுதுபார்ப்பவரைக் கும்பிட்டிருக்கிறான். நாம என்ன பண்றோம்? பழசு என்றால் கடைக்காரர் கேட்டதைக் கொடுக்கிறோம். ஆடுகிற காலைச் சரிசெய்ய வந்த ஆசாரியிடம் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம்.

போன ஆசாரிக்குச் செய்கிற மரியாதை, இருக்கிற ஆசாரியின் கூலியைக் குறைக்காமல் கொடுப்பதுதான். அப்படியே அவர் பெயரையும் கேட்டு, நாற்காலிக்கு அடியில் எழுதி வையுங்களேன்!