விளக்கைக் காக்கிறவன் யார்?

தியானப் பகுதி: யாத்திராகமம் 27:20, 21



கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் இருக்கிற நமக்குக் கடல் ரொம்ப தூரமுங்க. எப்போதாவது சென்னைக்கோ கன்னியாகுமரிக்கோ போனால் கலங்கரை விளக்கத்தை அண்ணாந்து பார்ப்போம். ஆனால், "இந்த விளக்கை ராத்திரியெல்லாம் பார்த்துக்கொள்கிறது யார்?" என்று நாம் கேட்பதில்லை. இந்த மாதம் அந்த மனுஷரைக் குறித்துத் தியானிக்கும்படி ஆவியானவர் என்னை ஏவினார்.

சென்னையில் முதல் விளக்கு 1796-ல் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மேல் ஏற்றப்பட்டது. தேங்காய் எண்ணெய் ஊற்றி எரித்தார்கள். 1844-ல் இன்றைய உயர்நீதிமன்ற வளாகத்தில் நிற்கிற கல்தூணுக்கு அது மாறியது. 1894-ல் உயர்நீதிமன்றக் கோபுரத்தின் உச்சிக்குப் போனது. 1977 முதல் மெரினாவில் இருக்கிறது. கட்டடம் மாறிற்று, எண்ணெய் போய் மின்சாரம் வந்தது. விளக்கைக் காக்கிற வேலை மட்டும் மாறவில்லை.

மோசேயின் நாளிலும் கர்த்தர் இதையேதான் ஒழுங்குபண்ணினார். எண்ணெய் கொண்டுவருவது ஜனங்களின் பங்கு. அந்தி தொடங்கி விடியும்வரை விளக்கைப் பராமரிப்பது ஆரோனுடைய பங்கு. விளக்கு தானாக எரியும் என்று தேவன் ஒருபோதும் சொல்லவில்லை. அதற்கு ஒரு ஆள் வேண்டும்!

1. கண்ணாடியைத் துடைக்கிறவன்

கலங்கரை விளக்கத்தில் தீபம் சின்னதுதான். அதைச் சுற்றி அடுக்கியிருக்கிற கண்ணாடிப் பட்டகங்கள் அந்தச் சின்ன வெளிச்சத்தைச் சேர்த்துப் பல மைல் தூரத்துக்கு அனுப்புகின்றன. உப்புக் காற்று அடித்து அடித்துக் கண்ணாடி மங்கிப் போகும். ஆகவே துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பகலில் வெயில் பட்டால் அதே கண்ணாடி சூரிய ஒளியைக் குவித்து விளக்கையே கெடுத்துவிடும் என்று திரை போட்டு மூடி வைப்பதும் உண்டு. பார்த்தீர்களா, வெளிச்சம் இல்லாத பகலிலும் அவனுக்கு வேலை இருக்கிறது!

நமக்குள் எரிகிற வெளிச்சம் நம்முடையது அல்ல, அது கர்த்தருடையது. கண்ணாடிதான் நம்முடைய பொறுப்பு. எழுப்புதல் கூட்டத்தில் அபிஷேகம் பெற்றோம், அந்நிய பாஷை பேசினோம், அல்லேலூயா! திங்கட்கிழமை மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போனபின் கோபமும் பொய்யும் வீண் பேச்சும் அந்தக் கண்ணாடிமேல் உப்பாகப் படிகிறதே, அதைத் தினமும் துடைக்கிறோமா?

2. இடம் விட்டு நகராதவன்

துறைமுகத்துக்குள் கப்பல் வருகிற பாதையில் மிதவைகள் போட்டிருக்கும். நம் நாட்டில், உள்ளே வருகிற கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. ஒவ்வொரு மிதவையும் கனமான சங்கிலியால் கடலடியில் கட்டப்பட்டிருக்கும். சங்கிலி தேயும், மிதவையில் சிப்பி ஒட்டிக் கனக்கும். அதைத் தூக்கிச் சுரண்டி, வர்ணம் அடித்து, சங்கிலியைச் சோதித்து, மறுபடி அதே இடத்தில் விடுவதற்கென்றே ஆட்களும் கப்பல்களும் உண்டு.

சங்கிலி அறுந்தால் மிதவை மூழ்காதுங்க. மிதந்துகொண்டுதான் இருக்கும். விளக்கும் எரியும். ஆனால் இடம் மாறியிருக்கும். அதை நம்பி வருகிற கப்பல் நேரே மணல்திட்டில் போய் ஏறும். அணைந்த மிதவையைவிட நகர்ந்த மிதவையே ஆபத்து!

தேவபிள்ளைகளே, பாட்டு இருக்கிறது, சாட்சி இருக்கிறது, ஊழியமும் இருக்கிறது. ஆனால் நங்கூரம் இருக்கிறதா? நம் நம்பிக்கை திரைக்குள்ளே நிலைத்திருக்கும் நங்கூரம் என்று எபிரெயர் 6:19 போதிக்கிறது. அதை விட்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்தவர்களைப் பார்த்து எத்தனை இளம் விசுவாசிகள் திட்டில் மோதினார்கள்!

3. காணாத கப்பலுக்காக விழித்திருக்கிறவன்

அந்தக் காலத்தில் விளக்கைச் சுற்றவைக்க எடைக்கல் தொங்கும் இயந்திரம் இருந்தது. ராத்திரியில் நேரம் தவறாமல் எழுந்து அதற்குச் சாவி கொடுக்க வேண்டும். அந்த வெளிச்சத்தால் பிழைத்த மாலுமி அவன் முகத்தைப் பார்த்ததில்லை. அவனுக்கும் மாலுமியின் பெயர் தெரியாது.

இன்னொரு காரியம். ஒவ்வொரு விளக்கும் மின்னுகிற விதம் வேறு. விநாடிகளை எண்ணிப் பார்த்தே மாலுமி, "இது இன்ன ஊர் விளக்கு" என்று சொல்லிவிடுவான்.

தாய்மார்களே, உங்கள் பிள்ளைகள் பெங்களூரு, துபாய் என்று வேலைக்குப் போயிருக்கிறார்கள். ஜெபத்தை விட்டிருக்கலாம், சபையையும் மறந்திருக்கலாம். எந்த ராத்திரி, எந்தப் புயலில் திரும்பிப் பார்ப்பார்களோ நமக்குத் தெரியாது. பார்க்கிற அன்றைக்கு, "இது எங்க அம்மா ஜெபம்" என்று அடையாளம் கண்டுகொள்ள விளக்கு எரிய வேண்டாமா?

"இப்போதுதான் ஜி.பி.எஸ். வந்துவிட்டதே, கலங்கரை விளக்கம் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். 1927-ஆம் வருஷத்துக் கலங்கரை விளக்கச் சட்டத்துக்குப் பதிலாக 2021-ல் நம் தேசம் புதுச் சட்டமே இயற்றியது, விளக்குகளை மூடவில்லை. செயற்கைக்கோள் சிக்னல் தடைபடலாம். அப்போது கரையில் எரிகிற விளக்கு கைகொடுக்கும். "டி.வி.யில், செல்போனில் நல்ல நல்ல பிரசங்கம் வருகிறதே, குடும்ப ஜெபம் எதற்கு?" என்று கேட்கிறவர்களுக்கும் என் பதில் அதுதான்.

நம் தேசத்தின் தென்கோடி, நிக்கோபாரிலுள்ள இந்திரா முனை. அங்கே 1972-ல் ஒரு கலங்கரை விளக்கம் எழும்பிற்று. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அங்கிருந்த அநேகரை அலை வாரிக்கொண்டு போயிற்று. நிலமே நான்கு மீட்டருக்குமேல் தாழ்ந்தது. ஆனாலும் கோபுரம் விழவில்லை, தண்ணீருக்குள் நின்றது. பிற்பாடு அதில் மறுபடியும் விளக்கு ஏற்றினார்கள். சகோதரனே, சகோதரியே, மரணமோ கடனோ வியாதியோ உன் காலடி நிலத்தைத் தாழ்த்தியிருக்கலாம். நீ இன்னும் நிற்கிறாய் அல்லவா? விளக்கை மறுபடியும் ஏற்று!

ஏலியின் நாட்களில் ஆசாரியனின் கண் மங்கியிருந்தது. ஆனால் தேவாலயத்தில் விளக்கு அணையுமுன்னே கர்த்தர் ஒரு சிறுபையனைக் கூப்பிட்டார் (1 சாமுவேல் 3). இன்றும் கூப்பிடுகிறார். பந்தல் பிரித்தாயிற்று, மைக் செட் போயிற்று. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு யார் வருவது? விடியற்காலை நாலு மணிக்கு யார் எழும்புவது? "நான் இருக்கிறேன் ஆண்டவரே" என்று சொல்லுங்கள்.

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, எங்கள் கண்ணாடியைச் சுத்திகரியும். நங்கூரத்தை விட்டு எங்களை நகரவிடாதேயும். தூரம் போன எங்கள் பிள்ளைகள் திரும்பி வருமட்டும் எங்கள் வீட்டு விளக்கு அணையாதிருக்கக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.

மாரநாதா!