கருவுக்குள் முழு உயிரும் முன்பே இருக்கிறதா?

இல்லாதது தோன்றாது, காரியம் தன் காரணத்துக்குள் முன்பே அடங்கியிருக்கிறது என்பது சற்காரியவாதம். சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் வாதிட்டு நிறுவிய கொள்கை அது. இன்று அதன் எளிய வடிவம் ஒன்று மரபணுவின் பெயரால் பேசப்படுகிறது: கருவுற்ற முட்டைக்குள் முழு உயிரும் எழுதப்பட்டிருக்கிறது, தாய் தருவதெல்லாம் இடமும் ஊட்டமும்தான் என்று. பாலூட்டிக் கருவின் முதல் நாட்களைப் பார்த்தால் இந்தப் பேச்சு நிற்காது என்றே நினைக்கிறேன்.

சுண்டெலியின் கரு நான்காம் நாளில், உள்ளே ஒரு சிறு செல்திரளைக் கொண்ட பந்தாக இருக்கிறது. அத்திரளின் எல்லாச் செல்களிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. சில செல்கள் எஃப்ஜிஎஃப்4 என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரக்கின்றன. அவை பின்னாளில் உடலாகும். அந்தச் சுரப்புக்கு இணங்கும் பக்கத்துச் செல்கள் கருவுணவுப் பையின் பகுதியாகும். ஆய்வகத்தில் இக்காரணியை மிகுதியாகச் சேர்த்தால் திரள் முழுவதும் பையின் வழியில் திரும்புகிறது. அதன் சமிக்ஞையைத் தடுத்தால் முழுவதும் உடலின் வழியில் போகிறது. வெறும் ஊட்டம் ஒரு செல்லின் கதியை இப்படி மாற்றாது.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. லிஃப் என்ற காரணியைச் சுரக்க இயலாத பெண் எலிகளில் கரு உண்டாகிறது, ஆனால் கருப்பையில் பதிவதில்லை. அதே கருவை இயல்பான எலிக்கு மாற்றினால் பதிந்து வளர்கிறது என்று 1992இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படியானால் கருவில் குறையில்லை, குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம் என்பதுபோலத் தாயும் துணைதானே என்று சித்தாந்தி கேட்கலாம். ஆனால் கருப்பந்து வந்து நிற்கும் இடத்துக் கருப்பைச் சுவரில் மட்டும், அது ஒட்டுவதற்குச் சில மணி நேரம் முன்பே, எச்பி-ஈஜிஎஃப் என்ற காரணி தோன்றுகிறது. கரு தாயைத் தூண்ட, தாயின் சுரப்பு கருவைத் தூண்டுகிறது. மண் தன் சக்கரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் இடத்தில் முதல், துணை என்ற பிரிவு எப்படித் தாங்கும்?

சோதனைக் குழாய் முறையில் முதல் குழந்தை 1978இல் பிறந்ததே, கரு தாயின்றியும் சில நாள் வளர்கிறதே என்பார்கள். வளர்கிறது. ஆனால் தட்டில் தனித்து விடப்பட்ட எலிக்கருக்கள், கூட்டமாக இருப்பவற்றைவிடக் குன்றியே வளர்ந்தன. ஈஜிஎஃப் போன்ற காரணிகளைச் சேர்த்தபோது தேறின. தனிமையிலும் கருவுக்கு ஒரு சார்பு தேவைப்படுகிறது.

மணிமேகலையின் இறுதிக் காதை பன்னிரு நிதானங்களாக விரிக்கும் பௌத்தக் கொள்கைக்கு, ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றும் என்பதற்கு, இந்தச் சான்றுகள் நெருக்கமாக இருக்கின்றன. முழு வெற்றியை அதற்கும் தர மாட்டேன்: எந்தக் காரணியைச் சேர்த்தாலும் எலிக்கரு முயலாவதில்லை. அந்த எல்லை வரை வெற்றி சற்காரியவாதிக்கு உரியது. அதற்குள் எந்தச் செல் எதுவாகும் என்பதை மட்டும் முட்டைக்குள் முன்பே எழுதப்பட்டதாக அவர் காட்ட முடியாது.