தூரத்துத் தோற்றம் பொய்யா?

ஒரு பொருள் விலகிச் செல்லச் செல்ல, அது கண்ணில் அடைக்கும் கோணம் சுருங்குகிறது. குமரி மாவட்டத்துக் குழித்துறை ரயில் நிலையம் வழியே செல்லும் அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடைவெளி 1,676 மில்லிமீட்டர். 100 மீட்டர் தள்ளி அந்த இடைவெளி ஏறத்தாழ 1 பாகை. 200 மீட்டரில் அரைப் பாகை, அதாவது வானத்தில் முழுநிலவு பிடிக்கும் அளவு. தண்டவாளங்கள் உண்மையில் நெருங்கவில்லை என்று பார்ப்பவருக்குத் தெரியும். தெரிந்த பிறகும் அவை நெருங்குவதாகவே தோன்றுகிறது. அறிவு திருத்தியும் மாறாத இந்தத் தோற்றம் பிழையா, அதுவும் ஒரு வகை உண்மையா?

கண் எப்படிக் காண்கிறது என்பதிலேயே பழைய தத்துவ மரபுகள் பிரிந்து நின்றன. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் காட்சி பிறக்கிறது என்றனர் நியாய மரபினரான நையாயிகர். தொட்டு அறிவதானால் இடைத்தூரம் புலப்படக் கூடாது, கண்ணைவிடப் பெரியதும் புலப்படக் கூடாது என்று மறுத்தார் பௌத்தத் தருக்க அறிஞர் திக்நாகர். ஐம்பொறிகளில் கண் மட்டும் பொருளைத் தொடாமலே அறியும் என்பது சமணர் கொள்கை. 11ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-ஹைதம் ஒளியே கண்ணுக்குள் வருகிறது என்று விளக்கினார். காட்சி பிறக்கும் விதம் அதனால் தெளிந்தது. தோற்றம் மெய்யா என்ற கேள்வி தீரவில்லை.

அந்தக் கேள்வியை எழுப்பிப் பார்க்கத் தகுந்த இடம் குழித்துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சிதறால் மலை, பழைய பெயர் திருச்சாரணத்துமலை, 9ஆம் நூற்றாண்டில் ஆய் நாட்டின் சமணத் தலம். பின்னர் அது பகவதி கோயிலானது. அடிவாரத்தில் நிற்பவருக்கு மலை மொத்தமும் ஒரே கரும்பாறை. ஏறிச் சென்றால் முன்னோக்கித் துருத்திய பெரும்பாறையும் அதன் அடியிலுள்ள குகையும் பிரிந்து தெரிகின்றன. இன்னும் நெருங்கினால் பாறை முகத்தில் வரிசையாகச் சமண ஆசான்களான தீர்த்தங்கரர்கள். அவர்களில் பார்சுவநாதரைத் தலைக்கு மேல் விரிந்த நாகப்படமே அடையாளம் காட்டும். ஆனால் சிற்பத்துக்கு ஒரு முழம் முன்னால் நிற்பவர் மலையின் வடிவத்தை இழந்துவிடுகிறார். அருகாமைதான் உண்மை, தூரம் பொய் என்ற எளிய தீர்ப்பு இங்கே தடுமாறுகிறது. ஒரு பொருள் கண்ணுக்குத் தப்புவதற்கான காரணங்களை அடுக்கும் சாங்கிய காரிகை, மிகு தொலைவை அடுத்து மிகு அண்மையையும் சேர்த்தே சொல்கிறது.

சமணரின் நயவாதம் இதற்குத் தெளிவான விடை தருகிறது. ஒவ்வொரு நோக்கும் பொருளின் ஒரு கூற்றைச் சரியாகவே பிடிக்கிறது. மற்றவற்றை மறுத்து அது மட்டுமே முழுமை என்று சாதிக்கும்போது பிழையாகிறது. ‘இங்கிருந்து பார்த்தால்’ என்ற நிபந்தனையோடு சொன்னால், தண்டவாளம் குறுகுவது பொய்யே அல்ல. பொருளுக்கும் கண்ணுக்கும் உள்ள உறவை அது துல்லியமாக அறிவிக்கிறது. குறுகாமல் தெரிந்தால்தான் கண்ணில் கோளாறு.

இதை வைத்து எல்லாத் தோற்றமும் சரி என்று சொல்லிவிட முடியாது. மணிமேகலையின் 27ஆம் காதை, அறியும் வழிகளான அளவைகளின் குற்றங்களாக எட்டைக் கூறுகிறது. எதிரே நிற்பது கட்டையா, மனிதனா என்று துணியாத மயக்கம் அவற்றுள் ஐயம். சிப்பியை வெள்ளி என்று கொள்வது திரியக் கோடல். சிறியதாகத் தெரிவது வேறு, ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது வேறு. முன்னது கிட்டப் போய்ப் பார்த்தாலும் பொய்யாகாது. அந்த இடத்துக்குத் திரும்பினால் மறுபடி அப்படியே தெரியும். பின்னதை ஒருமுறை சரியாகக் கண்டால் போதும், அது கலைந்துவிடும். கண் நம்மை ஏமாற்றுகிறது என்று பொதுவாகச் சொல்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

சமணத்தில் இக்கேள்வி வீடுபேற்றையும் தொடுகிறது. தீர்த்தங்கரர் எய்திய கேவல ஞானம் பொறிகளை நம்பியதல்ல. அதற்கு அண்மையும் சேய்மையும் இல்லை. எல்லாப் பொருள்களையும் அவற்றின் எல்லா நிலைகளோடும் அது ஒருசேர அறியும் என்பது சமணர் துணிபு. அப்படியானால் ஒரு பொருள் தொலைவில் நிற்பவருக்குச் சிறிதாகத் தெரிவதும் அந்த அறிவுக்குள் அடங்கியதாகவே இருக்க வேண்டும்.