சம்பாதிக்கும் பெண்ணும் ஊர்வாயும்

ஒரு குடும்பம் எவருடைய சம்பாத்தியத்தால் உயிர் தரிக்கிறதோ, அவருடைய நடத்தையையே அக்குடும்பமும் ஊரும் ஐயத்தோடு நிறுத்துப் பார்ப்பது எவ்வகையில் நியாயம் என்ற கேள்வி, தமிழ்ப் பேசும் படத்தின் முதல் கதாநாயகியான டி.பி. ராஜலக்ஷ்மியின் சரித்திரத்தை நினைக்குந்தோறும் என்னை வருத்துகிறது.

1911-ல் பிறந்து, திருவையாற்றில் வளர்ந்து, பால்யத்திலேயே விவாகம் செய்விக்கப்பட்டு, அந்த விவாகமும் நிலைக்காமற்போய், தந்தையையும் இழந்த அப்பெண்ணுக்கு அக்காலத்து ஆசாரம் ஒதுக்கியிருந்தது வீட்டின் ஒரு மூலை மாத்திரமே. அவரோ நாடகக் கம்பெனியில் சேர்ந்து, வீட்டின் பாரத்தைத் தாமே சுமந்தார். பிராமணப் பெண் மேடையேறுவதா என்று தூற்றியவர்கள், அவ்வீட்டு அடுப்புக்கு விறகு அனுப்பியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

1931 அக்டோபர் 31-ல், அவர் கதாநாயகியாக நடித்த 'காளிதாஸ்', தமிழின் முதல் பேசும் படமாக, சென்னையில் தங்கசாலைப் பகுதியிலிருந்த கினிமா சென்ட்ரலில் வெளிவந்தது. படச்சுருள் வந்த பெட்டியை மலர் தூவி, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி ஜனங்கள் ஊர்வலமாக எடுத்துச் சென்றார்கள் என்பார்கள். கதாநாயகர் தெலுங்கிலே பேச, இவர் தமிழிலே பேசினார். 1936-ல் தாமே எழுதிய நாவலை 'மிஸ் கமலா'வாகத் தாமே டைரக்ட் செய்து, தமிழ்ப் படவுலகின் முதற் பெண் டைரக்டருமானார். ஆயினும் என் மனத்தில் இவற்றினும் உயர்ந்து நிற்பது வேறொன்று: பெண்ணாய்ப் பிறந்த குற்றத்துக்காகக் கொல்லப்படவிருந்த ஒரு சிசுவை எடுத்து, தம் மகளாகவே வளர்த்தாராம். பிற்காலத்தில் செல்வம் கரைந்து, 1964-ல் அவர் மறைந்தார்.

அவரைத் தூற்றிய ஊர்வாய் இன்றும் ஓயவில்லை. எங்கள் பேட்டையான எம்.கே.பி. நகர்ப் பேருந்து நிறுத்தத்தில் இரவு பத்து மணிக்கு இறங்கி, காலியான டிபன் டப்பா பைக்குள் கடகடக்க, செருப்பு வார் அறுந்த காலை இழுத்துக்கொண்டு வேகமாய் நடக்கும் பெண்ணைப் பலமுறை கண்டிருக்கிறேன். வீட்டு வாடகையும் தம்பியின் காலேஜ் ஃபீசும் அவள் சம்பளத்திலேதான். "இந்நேரத்துக்கு விடுற வேலை என்ன வேலையோ!" என்று திண்ணையில் ஒருவர் சொல்ல, மற்றவர் சிரிக்கிறார்; உள்ளே அவள் தாயார் அதைக் கேட்டும் கேளாதவர்போல் இருக்கிறார். அச்சிரிப்பினும் இம்மௌனமே எனக்குக் கொடிதாகப் படுகிறது.

முதல் தேதியன்று மகளிடம் சம்பளத்தை வாங்கிக்கொள்ளும் தாய் தந்தையரே, அவளைப் பற்றி வாசலில் எழும் பேச்சை அந்த வாசலிலேயே எழுந்து நின்று கண்டியுங்கள். அவள் காதில் விழும்படியாகவே கண்டியுங்கள்.