அதிகாரி நீட்டும் நன்கொடைத் தாள்

பள்ளிக் கட்டடத்திற்கோ வெள்ள நிவாரணத்திற்கோ மாணாக்கரிடம் நன்கொடைத் தாள் கொடுத்தனுப்புவது நம்மிடையே வழக்கம். திருவரங்கத்துத் தெருக்களில் நான்கு வீடு ஏறி இறங்க வேண்டிய அத்தாள், சில வேளை தந்தையின் பையிலேறித் திருச்சிராப்பள்ளி அலுவலகத்திற்குப் போய்விடுகிறது. அங்கே அவர் மேலதிகாரி. முதல் வரியில் நூறு ரூபாய் என்றிருக்க, கடைநிலை ஊழியர் பத்து ரூபாய் என்றெழுதக் கூசுகிறார். நாளை அவருடைய விடுப்பு மனுவும் அதே மேசைக்குத்தான் செல்ல வேண்டும். இது ஈகையா, வரியா?

பொன்மலைப் பணிமனையின் இரயில்வே ஊழியரைக் கட்டுப்படுத்தும் 1966ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 12ஆம் விதி, முன் அனுமதியின்றி நிதி திரட்டுவதைத் தடுக்கிறது. நோக்கம் நல்லதாயிற்றே என்பர். நோக்கத்தில் நமக்கு ஐயமில்லை. கேட்பவர் அமர்ந்திருக்கும் நாற்காலியில்தான் ஐயம்.

ஸகாத் வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா, ஒரு பகுதியைத் தமக்கு வந்த அன்பளிப்பென்று பிரித்து வைத்தார். பெற்றோர் வீட்டிலேயே இருந்திருந்தால் அது வந்திருக்குமா என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வினவியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அங்கே பொருள் தமக்கு, இங்கே பள்ளிக்கு. ஆயினும் உரைகல் ஒன்றே: பதவி இல்லையேல் இப்பணம் வருமா?

ஆதலின், அதிகாரி தம் பங்கை மட்டும் எழுதித் தாளைப் பிள்ளையிடமே தருவாராக. பிள்ளை அண்டை வீட்டுக் கதவைத் தட்டட்டும். சிலர் தருவர், சிலர் மறுப்பர். மறுக்கும் உரிமையுடையார் தருவதே தருமம் என்பதை அப்பிள்ளை அன்றே கற்றுக்கொள்ளும்.