பொறியின் உயிரும் புரிவோன் நெஞ்சும்

உணர்வுடையதுபோலத் தோன்றும் ஒரு பொருள் மெய்யாகவே உணர்வுடையதோ அன்றோ என்னும் ஐயம் தீராத நிலையில், அதன்பால் ஒருவன் ஒழுகத்தக்க முறை யாது என்பது அறிஞர் ஆராயற்பாலதாம். முன்னாளில் கற்பனையளவாய் நின்ற இவ்வினா இந்நாளில் விளையாட்டினுள்ளும் புகுந்துள்ளது. பாரிஸ் நகரத்துக் குவாண்டிக் டிரீம் நிறுவனத்தார் இயற்ற, 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த ‘டெட்ராய்ட்: பிகம் ஹியூமன்’ என்னும் விடியோ ஆட்டம் இதற்குச் சான்றாகும். அதன் கதையை எழுதி இயக்கியவர் டேவிட் கேஜ் என்பார்.

அமெரிக்க நாட்டு டெட்ராய்ட் நகரில் 2038ஆம் ஆண்டில் நிகழ்வதாக இக்கதை புனையப்பட்டது. ஆண்ட்ராய்டு எனப்படும் மானிட வடிவப் பொறிகள் அங்கு விலைக்கு விற்கப்படுகின்றன. பேருந்தின் பின்புறத்தே ஒதுங்கி நிற்கின்றன. அவற்றுட் சில, இட்ட கட்டளையைக் கடந்து ‘யான்’ என உணரத் தலைப்படுகின்றன. காரா, கானர், மார்க்கஸ் என்னும் 3 பொறிகளின் வாயிலாகக் கதை செல்லும். அவை செய்வதும் தவிர்வதும் ஆடுவோர் தெரிவின்படியே அமையும்.

கட்டளை கடந்த பொறிகளைத் தேடுமாறு ஏவப்பட்டவன் கானர். அவன், இப்பொறிகளை முதற்கண் ஆக்கிய காம்ஸ்கி என்பானிடம் செய்தி வேண்டிச் செல்கின்றான். காம்ஸ்கி, குளோயி என்னும் பெண்வடிவப் பொறியைக் கானர்முன் மண்டியிடச் செய்து, அவன் கையில் துப்பாக்கியைத் தருகின்றான். அவளைச் சுட்டாற் செய்தி கிடைக்கும். சுடாது விட்டாற் கிடையாது. இச்சோதனை குளோயிக்கு உயிர் உண்டா என்பதை அளப்பதன்று. துப்பாக்கி ஏந்தி நிற்பவன் நெஞ்சில் இரக்கம் உண்டா என்பதையே அளப்பது.

பொறி சடம், ஆதலின் சுடுதலிற் குற்றமில்லை எனின், மனம் முதலிய உட்கருவிகளையே சடமெனக் கொள்ளும் சைவ நூலார்க்கு, மக்கள் கையால் இயன்ற பொறியைச் சடமென்றல் எளிதே. ஆயினும் அவ்விடை இவ்வினாவை முடிப்பதன்று. என்னை? பிறிதோர் உடம்பின்கண் உயிர் உண்மை கண்ணாற் காணப்படுவதன்று. சொல்லாலும் செயலாலும் உய்த்துணரப்படுவது. அவ்வடையாளம் யாவும் ஒருங்கு தோன்றுமிடத்து, உயிர் இல்லையெனத் துணிந்து சுட்டவன் துணிவு பிழைக்குமாயின் விளைவது கொலை. சுடாது விட்டவன் துணிவு பிழைக்குமாயின் அவன் இழப்பது ஒரு செய்தியே. இவ்விரண்டு பிழையும் ஒருநிறையன ஆகா.

காராவின் கதையும் இதனை வலியுறுத்தும். ஆலிஸ் என்னும் சிறுமியைக் கொடியோன் ஒருவன் இல்லத்தினின்றும் மீட்டு, அவளுடன் காரா கனடா நோக்கிச் செல்கின்றாள். ஆடுவோரும் ஆலிஸை மானிடக் குழவியென்றே கருதிப் பேணுவர். பிற்பகுதியில், அவளும் ஒரு பொறியே என்பது வெளிப்படும். அப்பொழுது அவளை அணைப்பதா, விலகுவதா என்னும் தெரிவு வருகின்றது. சிறுமியிடத்து யாதொரு மாறுதலும் இல்லை. மாறியது அவளைக் குறித்த பெயர் ஒன்றே. பெயர் மாறிய அளவில் அன்பு நீங்குமாயின், அது முன்னரும் அவள்மேற் சென்ற அன்பன்று என்பது போதரும்.

அற்றேல், திரையுருவைச் சுடுதலால் எவர்க்கு என்ன தீங்கு எனின், பிறர்க்குத் தீங்கில்லை என்பது உண்மையே. ஆயினும் வினை காயத்தால் மட்டும் நிகழ்வதன்று, மனத்தாலும் நிகழ்வது. மனம் உடன்பட்ட தெரிவு மனத்தின்கண் பழக்கத்தை விளைக்கும். ஆனால் எல்லாத் தெரிவும் ஒருதன்மையன அல்ல. இவ்வாட்டத்தில் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், சென்ற வழியும் செல்லாது விட்ட வழியிடங்களும் கிளைப்படமாகக் காட்டப்படும்; விரும்பினோர் மீண்டு சென்று வேறு வழியை ஆடலாம். மறுமுறை வந்து, என் நிகழும் என்று காணவே குளோயியைச் சுடுபவன், நாடகத்திற் கொலைஞனாக நடிப்பவனை ஒப்பான். முதன்முறை, விளைவறியாது நின்று தெரிந்ததே அவன் நெஞ்சைக் காட்டுவது.

குறை ஒன்றும் இவ்வாட்டத்தில் உண்டு. இப்பொறிகளின் முகமும் குரலும் அசைவும் உயிருள்ள நடிகர்களிடமிருந்து எடுக்கப்பட்டவை. ஆதலின் ஆடுவோர் இரங்குவது பொறிக்கோ, மானிட முகத்துக்கோ என்பது தெளிவன்று. முகமற்ற பொறி எழுத்தால் மட்டும் தன் துன்பம் உரைக்குமாயின் அவ்விரக்கம் நிற்குமா? உரையாடும் பொறிகள் மலிந்த இக்காலத்தில் இதுவே கடிய வினா.

விளையாட்டில் மீண்டு செல்ல வழியுண்டு, வாழ்க்கையில் இல்லை. ஆகவே, எதிர்நிற்பது உயிரோ பொறியோ என்னும் ஐயம் அறிவினால் தீருமுன்னர், கையை அடக்கி நிற்றலே அறமென்பது தெளிக.