நான்கு நெகட்டிவ், ஒரே வானம்

ஃபிலிம் காலத்தில் நெபுலாவைப் படமெடுத்தவர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. மங்கலான ஒளியில் நேரம் ஆக ஆக ஃபிலிம் மந்தமாகிவிடும். ஷட்டரை இரண்டு மடங்கு நேரம் திறந்து வைத்தாலும் பதிவு இரண்டு மடங்காகாது. சேலம், நாமக்கல் போன்ற ஊர்களின் தெருவிளக்கு வெளிச்சம் வேறு பின்னணியைச் சாம்பல் பூசிவிடும்.

ஆகவே ஒரே இடத்தைப் பலமுறை எடுத்தார்கள். இரண்டு நெகட்டிவ்களை ஒளிமேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, உருப்பெருக்கி வழியே பார்த்தபடி, விண்மீனின் கரும்புள்ளிகள் மயிரிழை பிசகாமல் பொருந்தும்வரை நகர்த்தி, ஓரத்தில் டேப் ஒட்டுவார்கள். மூச்சுவிடக்கூட யோசிக்க வைக்கும் வேலை! ஃபிலிமின் வெள்ளித் துகள்கள் ஒவ்வொன்றிலும் வேறுவேறு இடத்தில் சிதறியிருக்கும். விண்மீன் மட்டும் இடம் மாறாது. நான்கு படங்களின் பதிவைக் கூட்டினால் ஒளி நான்கு மடங்கு, புள்ளிச் சிதறல் இரண்டு மடங்குதான். ஆஸ்திரேலியாவில் வானப் புகைப்படக் கலைஞர் டேவிட் மாலின் இவ்வாறு பல ஒளிப்படத் தகடுகளைச் சேர்த்தும் மிக மங்கலான விண்மீன் மண்டலங்களின் ஓரங்களைக் காட்டினார். இன்று அதையே மென்பொருள் சில நிமிடங்களில் செய்துவிடுகிறது.

ஆனால், நகரும் பொருள் இந்தக் கூட்டலில் மங்கிப்போகும். அதனால் குறுங்கோள் தேடுபவர்கள் பெரும்பாலும் படங்களைச் சேர்ப்பதற்குப் பதில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சேலத்துக்கு வடகிழக்கே, ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் 1988 பிப்ரவரி 17-இல் வானியலாளர் ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த குறுங்கோளுக்கு 4130 ராமானுஜன் என்று பெயர்.